தையல் மெஷினுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் பத்து நாளாக ஒரே சண்டை. ஒருவர் தன் தங்கை மகளின் திருமண அழைப்பிதழை ஏஐ எழுதிக் கொடுத்ததாகப் போட்டிருந்தார். எதுகை மோனையோடு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவர், "அப்ப இனிமே எங்க பொழப்பு?" என்று ஒரே வரி எழுதினார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். நம் ஆண்டு விழாப் பலகைகளை எல்லாம் எழுதிய கை அது. பள்ளி முடிந்ததும் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தார். ஃபிளெக்ஸ் வந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டது. கம்ப்யூட்டரில் டிசைன் கற்றுக்கொண்டு எழுந்து நின்றார். இப்போது அந்த டிசைனும் போகிறது என்கிறார். ஐம்பது வயதான மனிதனை எத்தனை முறைதான் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

அதற்கு வந்த பதில்களில் ஒன்று: "அதுக்கு என்ன பண்றது, காந்தி மாதிரி மெஷினே வேண்டாம்னு ராட்டையைச் சுத்திக்கிட்டு உட்கார வேண்டியதுதான்." இப்படிச் சொன்னவரும் என் மாணவர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வரலாற்று வாத்தியாருக்கு அந்த வரி சும்மா விடக்கூடிய வரி அல்ல. "காந்தி இயந்திரங்களை எதிர்த்தார்" என்று நோட்ஸ் புத்தகங்கள் இரண்டு மதிப்பெண்ணுக்கு விடை எழுதி வைத்திருக்கின்றன. இரண்டு மதிப்பெண்ணுக்குள் அடங்குகிற விஷயமா அது, பார்ப்போம்.

1924-ஆம் ஆண்டு. இந்து முஸ்லிம் கலவரங்களால் மனம் நொந்த காந்தி டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த உண்ணாவிரதத்தை ஒட்டிய நாட்களில் ஓர் இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். பெயர் ஜி. ராமச்சந்திரன். திருவிதாங்கூர்க்காரர், வயது 20. தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். ஆண்ட்ரூஸ் மூலமாகக் காந்தியிடம் அறிமுகம். நேரே போய் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைப் பற்றிக் கேட்டார். ஒன்று கலை, மற்றொன்று இயந்திரம். பக்கத்தில் இருந்த மகாதேவ தேசாய் அந்த உரையாடலைக் குறித்து வைத்தார். நவம்பர் மாதம் 'யங் இந்தியா'வில் அது வெளிவந்தது.

எல்லா இயந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்பதுதான் இளைஞரின் கேள்வி. காந்தியின் பதிலைச் சாரமாகச் சொல்கிறேன். இந்த உடம்பே ஒரு நுட்பமான இயந்திரம், ராட்டையும் இயந்திரம்தான், பல் குத்தும் குச்சியும் இயந்திரம்தான், நான் எப்படி எதிர்க்க முடியும் என்றார். அவருக்கு ஆகாதது இயந்திரத்தின் மேல் கொண்ட மோகம். உழைப்பை மிச்சப்படுத்துகிறோம், மிச்சப்படுத்துகிறோம் என்று போய், கடைசியில் ஆயிரக்கணக்கானவர்களை வேலையில்லாமல் தெருவில் பட்டினி போடுவது. உழைப்பு மிச்சமாகட்டும், ஆனால் ஒரு சிலருக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் மிச்சமாக வேண்டும் என்றார். அப்படிப்பட்ட நல்ல இயந்திரத்துக்கு எடுத்துக்காட்டாக அவர் சொன்னது சிங்கர் தையல் மெஷின். சிங்கர் தன் மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைப் பார்த்தார், அவள் மேல் கொண்ட அன்பினால் அதைக் கண்டுபிடித்தார் என்று விதிவிலக்கு கொடுத்தார்.

இங்கேதான் அந்த இருபது வயதுப் பையனை எனக்குப் பிடித்துப்போகிறது. முதல் கேள்வி எல்லோரும் கேட்பார்கள். ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும், பதிலைக் கேட்டுவிட்டு இரண்டாவது கேள்வி கேட்கிற பிள்ளைதான் பாடத்தைக் கவனித்த பிள்ளை. ராமச்சந்திரன் கேட்டார்: சரி, அந்தத் தையல் மெஷினைச் செய்வதற்கு ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் மின்சாரத்தில் ஓடும் பெரிய இயந்திரங்கள் இருக்குமே?

ஆமாம் என்று ஒப்புக்கொண்டார் காந்தி. அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும், அங்கே வேலை செய்பவர்களுக்கு நல்ல சூழல் இருக்க வேண்டும், லாபத்துக்காக அல்லாமல் மனிதருக்காக அவை நடக்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் இது கொஞ்சம் அவசரமான பதில். அரசின் கையில் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நாம் பிற்பாடு பார்த்துவிட்டோம். ஆனால் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டாரே, அதுதான் பெரிது.

அந்தத் தையல் மெஷினின் வரலாற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியம்.

முதலில், மனைவி கதை சிங்கருக்குப் பொருந்தாது. ஐசக் சிங்கர் நாடக நடிகராகத் திரிந்தவர். பல பெண்களோடு குடும்பம், இருபதுக்கு மேல் பிள்ளைகள். 1850-இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதாகிக் கிடந்த வேறொருவருடைய தையல் மெஷினைப் பார்த்து, அதைத் திருத்தி, 1851-இல் காப்புரிமை வாங்கினார். பணம்தான் நோக்கம். மனைவி தைத்துக் குடும்பம் நடத்தியதைப் பார்த்துக்கொண்டே மெஷின் செய்தார் என்று சொல்லப்படும் கதை, 1846-இல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோ என்பவருடையது. காந்தியின் காதுக்கு வருவதற்குள் கதை ஆள் மாறிவிட்டது போலிருக்கிறது.

அதற்கும் முன்னால் பிரான்ஸில் தீமொனியே என்று ஓர் ஏழைத் தையல்காரர். 1830-இல் காப்புரிமை வாங்கி, பாரிஸில் 80 மெஷின்கள் வைத்து ராணுவத்துக்குச் சீருடை தைக்கத் தொடங்கினார். மறு ஆண்டே மற்றத் தையல்காரர்கள் கும்பலாக வந்து பட்டறையை அடித்து நொறுக்கினார்கள். காந்தி அன்பின் சின்னமாகக் கண்ட அதே இயந்திரம், அந்தத் தையல்காரர்களின் கண்ணுக்கு எமனாகத் தெரிந்தது. தீமொனியே 1857-இல் வறுமையில் செத்தார்.

அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்று இன்னொருவர். ஊக்கு இருக்கிறதே, நாம் சட்டைப் பித்தான் அறுந்தால் குத்திக்கொள்ளும் சேஃப்டி பின், அதைக் கண்டுபிடித்தவர். 1830-களிலேயே தையல் மெஷின் ஒன்றைச் செய்துவிட்டார். மகளிடம் இதை வைத்துத் தொழில் தொடங்கேன் என்றாராம். கையால் தைத்துப் பிழைக்கிற பெண்களின் வாயில் மண் விழுமே என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாளாம். ஹன்டும் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். மகளின் பேச்சுத்தான் காரணமா, கையில் காசில்லாததும் காரணமா என்று வாதிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி ஒரு வீட்டுக்குள் எழுந்ததாகச் சொல்லப்படுவதே எனக்குப் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கையால் தைத்த வாழ்க்கை ஒன்றும் இன்ப வாழ்க்கை அல்ல. 1843-இல் லண்டனில் தாமஸ் ஹூட் சட்டை தைக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றி ஒரு கவிதை எழுதி, ஊரையே அழ வைத்தார். ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல், மெஷினில் ஒன்றேகால் மணி நேரம் என்று அக்காலத் தையல் மெஷின் நிறுவனம் ஒன்று கணக்குக் காட்டியது. விற்கிறவன் சொன்ன கணக்குத்தான், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. எங்கள் பெரியத்தையை உறவினர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்தாறு வயதில் தாலியை இழந்தவர். இரண்டு பையன்களையும் படிக்க வைத்தது அந்த மிதி மெஷின்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கடகடவென்று ஓடும். யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ்ந்தார். காந்தி விதிவிலக்கு கொடுத்தபோது இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் மனத்தில் வைத்திருப்பார்.

ஆனால் ராமச்சந்திரனின் இரண்டாவது கேள்வி விடாது. சிங்கர் கம்பெனியின் மிகப் பெரிய ஆலை ஒன்று ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் இருந்தது. 1911-இல் அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் ஆளைக் குறைத்து, மிச்சமிருந்த பெண்களின் தலையில் வேலையை ஏற்றினார்கள். ஒரு டஜன் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் சுமார் 11,000 பேர் வெளியே வந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் போராட்டம் முறிந்தது, முன்னால் நின்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு விடுதலை கொடுத்த மெஷின், அது பிறந்த ஊரில் இன்னொரு பெண்ணின் முதுகை ஒடித்திருக்கிறது. இன்று அதே தையல் மெஷின் நம் கிராமத்தில் ஒருத்தியின் திண்ணையில் இருக்கும்போது அவள் முதலாளி. திருப்பூரில் வரிசையாகப் போட்டு, ஒருத்திக்குக் காலர் மட்டும், இன்னொருத்திக்குக் கைப்பகுதி மட்டும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் கதை வேறு. ஊசியும் நூலும் ஒன்றுதான்.

சரி, ராட்டைக்கு வருவோம். ராட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நண்பர் எழுதினாரே, காந்தி அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. 1929 ஜூலையில் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. நல்ல ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு. எந்த நாட்டுக்காரரும் கலந்துகொள்ளலாம். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்பதை நினைத்துப் பாருங்கள்! எளிமையைப் போதித்தவரின் சங்கம், ஒரு இயந்திரத்துக்கு வைத்த விலை அது.

அந்த அறிவிப்பின் நிபந்தனைகள் இருக்கின்றனவே, நான் வகுப்பில் பாடமாக நடத்த ஆசைப்பட்டவை. ராட்டை எடை குறைவாக இருக்க வேண்டும், தூக்கிச் செல்ல முடிய வேண்டும். சாதாரணக் குடிசைக்குள் வைத்துக் கையாலோ காலாலோ ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண் பெரிய சிரமமில்லாமல் 8 மணி நேரம் ஓட்ட முடிய வேண்டும். அந்த 8 மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையிலான நூல் 16,000 அடி வர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். ஒரு வருஷத்தில் உதிரிப் பாகங்களுக்கு ஆகும் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது.

ஓர் இயந்திரம் எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டால் அது வியாபாரியின் கேள்வி. இவர்கள் வேகமும் கேட்டார்கள், 16,000 அடி லேசு அல்ல. கூடவே, அது யார் வீட்டுக்குள் நுழையும், ஓட்டுகிறவளின் இடுப்பு தாங்குமா, பழுதானால் என்ன செலவாகும், 20 வருஷம் கழித்தும் ஓடுமா என்றும் கேட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் செல்போனை இந்த நிபந்தனைகளுக்கு முன் நிறுத்திப் பாருங்கள். மூன்றாம் வருஷமே பேட்டரி உப்பிவிடுகிறது. மாற்றப் போனால் "புதுசே வாங்கிடுங்க சார்" என்கிறான் கடைப் பையன்.

போட்டிக்குக் கடைசித் தேதி 1930 அக்டோபர் 30. அதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்துவிட்டது. அந்தத் தேதியில் காந்தி எரவாடா சிறையில் இருந்தார். அங்கும் நூல் நூற்றுக்கொண்டுதான் இருந்தார். பெட்டிக்குள் மடித்து வைத்து எடுத்துப் போகிற, இரண்டு சக்கரம் கொண்ட சின்ன ராட்டைக்கு எரவாடா சக்கரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு லட்ச ரூபாய் பரிசு மட்டும் கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் கேள்வி கிடந்து வேலை செய்துகொண்டே இருந்தது. போலந்துக்காரர் மாரிஸ் ஃப்ரீட்மன், பெங்களூரில் மைசூர் அரசின் மின்சாதனத் தொழிற்சாலையை நடத்த வந்த எஞ்சினியர். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போய் வந்தவர். அவர் காந்தியிடம் போய், வில்லைப் போன்ற ஒன்றால் இழுத்துச் சுழற்றுகிற 'தனுஷ் தக்ளி'யைச் செய்து கொடுத்தார். மூங்கிலும் மரமும் இருந்தால் கிராமத்திலேயே செய்துகொள்ளலாம், சக்கரமே வேண்டாம். பெரிய தொழிற்சாலை நடத்தத் தெரிந்த ஒரு மனிதரின் மூளை, காசில்லாதவனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால் வருவது இது.

காந்தி மறைந்து ஓராண்டு கழித்து, 1949-இல், நம் தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் புதிய ராட்டை ஒன்றைச் செய்தார். அவர் பெயரை வைத்தே அதற்கு 'அம்பர் சர்க்கா' என்று பெயர். அவர் செய்த சாமர்த்தியம் என்ன தெரியுமா? நூற்பாலையில் பஞ்சை உருளைகளுக்கு இடையில் இழுத்து நீட்டி, வளையத்தில் முறுக்கேற்றுவார்கள். அந்த நுட்பத்தையே சுருக்கி, கையால் சுற்றும் சின்னப் பெட்டிக்குள் கொண்டு வந்தார். பழைய ராட்டையில் ஒரு கதிர். இதில் ஒரே நேரத்தில் பல கதிர்கள். யாரை ஒழிக்க வந்ததோ அந்த ஆலையிடமிருந்தே வித்தையை வாங்கி வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசாங்கம் இதை நாடெங்கும் கொண்டுபோனது. நூல் அறுகிறது, பழுது பார்க்க ஆளில்லை என்று புகார்களும் வந்தன. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். படைப்பாற்றல் என்றால் கம்ப்யூட்டர்க்காரர்களின் சொத்து என்று நினைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஏகாம்பரநாதனைச் சொல்லுங்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்கள் 1950-களில் ஆட்டுக்கல்லைப் பார்த்துவிட்டு, குழவியைச் சுற்றாமல் கல்லைச் சுற்றவிட்டால் என்ன என்று யோசித்து மாவாட்டும் கிரைண்டர் செய்தார்களே, அதுவும் இந்த ஜாதிதான். ஆட்டுக்கல் போய்விட்டதே என்று எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் அழுது நான் பார்த்ததில்லை.

ராமச்சந்திரன் கலையைப் பற்றியும் கேட்டார் என்றேனே. கலைஞர்களைப் பற்றிய பேச்சில் காந்தி, தன் அறைச் சுவரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் குறையில்லை, கூரை இல்லாவிட்டாலும் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற பொருளில் பேசினார். படித்ததும், கலை ரசனை இல்லாதவர் என்று தோன்றும். ஆனால் 1938-இல் குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. அதை அலங்கரிக்க அவர் கூப்பிட்டது, ராமச்சந்திரன் படித்த அதே சாந்திநிகேதனின் ஓவிய ஆசிரியர் நந்தலால் போஸை. கிராமத்தில் கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள் என்பதுதான் கட்டளை. மூங்கிலும் கீற்றும் கொண்டு பந்தல். கையால் செய்த காகிதத்தில் மண் வண்ணங்களால் ஓவியங்கள். மேளக்காரன், தையல்காரன், மாவு அரைக்கிறவள், காளை. சட்டகத்துக்குள் போட்டுப் பூட்டி வைக்க அல்ல, வழியில் போகிற விவசாயி பார்த்துக்கொண்டே போவதற்கு. நந்தலால் கையால் மட்டும் எண்பதுக்கு மேல் வரைந்தார். அத்தனையும் போஸ்டர்கள், நம் நண்பர் எழுதின கடைப் பலகையின் அண்ணன் முறை.

அந்தப் பலகைகளுக்கு இன்று அருங்காட்சியகத்தில் இடம். ஆனால் நம் ஊர்ச் சைக்கிள் கடைப் பலகையில் அவர் 'ள'கரத்துக்குப் போட்ட அந்தச் சுழிப்பை எடுத்து வைக்க யாரும் இல்லை. ஏஐ இன்று அப்படி ஒரு சுழிப்பைப் போடுகிறது என்றால், அவரைப் போன்ற ஆயிரம் பேர் போட்டுப் போட்டு வைத்ததைப் பார்த்துத்தான் போடுகிறது. அந்த ஆயிரம் பேருக்குச் சல்லிக்காசு போனதாக நான் அறியேன். 1924-இல் அந்தப் பையன் கேட்ட இரண்டாவது கேள்வியை இங்கே கேட்க வேண்டும்: இதைச் செய்கிற ஆலை எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது? நம் தையல்காரம்மா மெஷினைத் தவணையில் வாங்கினாலும் ஒருநாள் கடன் அடைந்து மெஷின் அவருடையதாகிவிடும். இது மாதா மாதம் சந்தா. கட்டாத மாதம் கையில் ஒன்றும் இல்லை.

அதே சமயம், கண்ணில் பார்வை போன என் மைத்துனருக்கு இப்போது செல்போன்தான் காலையில் பேப்பர் படித்துக் காட்டுகிறது. முன்பெல்லாம் யாராவது வருவார்களா என்று காத்திருப்பார். காந்தியிடம் கேட்டிருந்தால் இதற்கும் ஒரு விதிவிலக்கு நிச்சயம் கிடைத்திருக்கும். ஆகவே குழுவில் "வேண்டும்" கட்சி, "வேண்டாம்" கட்சி என்று பிரிந்து நிற்பதை நிறுத்துங்கள். எது, யாருக்கு, யார் கையில் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுங்கள். நம் போர்டு நண்பரின் மகளும் டிசைன்தான் படிக்கிறாள். அவளுக்கு வேலை கொடுக்கக்கூடிய இடத்தில் உங்களில் பதினைந்து பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

ராமச்சந்திரன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். டாக்டர் சௌந்தரத்தை 1940-இல் மணந்தார், மணம் நடத்தி வைத்தவர் காந்தி. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் கணவனை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர். பஸ்ஸும் லாரியும் ஓட்டி வளர்ந்த குடும்பத்திலிருந்து வந்த அவரும், இயந்திரத்தைப் பற்றிக் காந்தியை மடக்கிய இவரும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலும் உண்டு. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் போதாது என்று தோன்றினால் இப்படியும் செய்யலாம் போலும்.

2018-இல் மத்திய அரசு சூரிய மின்சார ராட்டைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மோட்டார் சுற்றுகிறது, பெண்ணின் கை நூலை மட்டும் கவனிக்கிறது. கையால் நூற்றால்தானே கதர், அப்படியானால் இதைக் கதர் என்று சொல்லலாமா என்ற விவாதம் நடக்கிறது. எனக்கு இதில் ஒரு முடிவு இருக்கிறது, இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. நீங்கள் முதலில் எழுதுங்கள்.

இன்னொன்று. யார் வீட்டிலாவது பாட்டியோ அத்தையோ வைத்திருந்த பழைய சிங்கர் மெஷின் பரணில் கிடந்தால், துடைத்துவிட்டு அதன் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர் ஆலை என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கிளைட்பேங்க், 1911-க்கு முந்தியது யாரிடமாவது இருந்தால் நானே புறப்பட்டு வந்து பார்க்கிறேன். எண்ணெய் மட்டும் நல்லதாகப் போடுங்கள், தேங்காய் எண்ணெய் போட்டு இறுக வைத்துவிடாதீர்கள்.